புயலின் கண்ணுக்குள் ஒரு விமானம்: செயற்கைக்கோள் இருக்கும்போது மனிதர்கள் ஏன் உள்ளே போகிறார்கள்?

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் சுற்றுலா நகரமான அகபுல்கோவில் அன்று வழக்கமான நாள்தான். கடலில் ‘ஓட்டிஸ்’ என்றொரு புயல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முந்தைய நாள் இரவு வரை வந்த முன்னறிவிப்புகளில் அது ஒரு சாதாரணப் புயல். கொஞ்சம் காற்றடிக்கும், நிறைய மழை பெய்யும் என்ற அளவில்தான் பேச்சு. கணினி மாதிரிகளும் அதையேதான் சொல்லின.

அன்று மதியம் அமெரிக்க விமானப்படை ரிசர்வின் விமானம் ஒன்று அந்தப் புயலுக்குள் போனது. அது அனுப்பிய அளவுகளைப் பார்த்ததும் மியாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போட்ட கணக்கைவிட ஓட்டிஸ் பல படி மேலே இருந்தது. எச்சரிக்கைகள் தாவித் தாவி ஏறின. அன்று இரவு வெளியான அறிக்கையில், தெற்கு மெக்சிகோவில் பயங்கரக் கனவு போன்ற ஒரு நிலைமை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அந்த மையமே எழுதியது. அரசு அறிக்கைகளில் வழக்கமாக இப்படிப்பட்ட வார்த்தைகள் வராது. நள்ளிரவு தாண்டிக் கரையைத் தொட்டபோது காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ஹரிக்கேன்களை 5 வகைகளாகப் பிரிக்கும் அளவுகோலில் அது 5-வது, அதாவது உச்ச வகை. சுமார் 50 பேர் உயிரிழந்தார்கள். நகரத்தின் ஹோட்டல்கள் எலும்புக்கூடுகளாக நின்றன.

ஒரே நாளில் சாதாரணப் புயல் அரக்கனாக மாறியது எப்படி? அந்த மாற்றத்தின் முழு அளவு கடைசி நேரத்திலாவது தெரிந்தது என்றால் அதற்கு முக்கியக் காரணம், உள்ளே போன விமானம்.

செயற்கைக்கோள்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு விமானம்?

நியாயமான கேள்வி. இன்று உலகத்தில் எந்தக் கடலில் புயல் உருவானாலும் செயற்கைக்கோள் கண்ணில் படாமல் தப்ப முடியாது. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது பெரும்பாலும் மேகத்தின் உச்சியைத்தான். மேகக்கூட்டம் எப்படிச் சுருண்டிருக்கிறது, உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நடுவில் கண் தெளிவாகத் தெரிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ‘இந்த உருவத்துக்கு இவ்வளவு வேகம் இருக்கும்’ என்று மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் 1970-களில் வகுத்த இந்த முறையைத்தான் இந்தியா உட்பட உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அது மோசமான முறை இல்லை. ஆளின் முகத்தைப் பார்த்தே ‘நல்ல காய்ச்சல் இருக்கும்போல’ என்று சொல்லும் அனுபவசாலி டாக்டர் மாதிரி, பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் காய்ச்சல் மணிக்கு மணி ஏறிக்கொண்டிருக்கும்போது தெர்மாமீட்டர் வைத்துத்தானே பார்க்க வேண்டும்? கடல் மட்டத்தில் காற்றழுத்தம் எவ்வளவு, அங்கே அடிக்கும் காற்று எவ்வளவு என்ற இரண்டு எண்களும் மேகப் போர்வைக்கு அடியில் இருக்கின்றன. அங்கே தெர்மாமீட்டர் வைக்கப் போகிறவர்கள்தான் ‘ஹரிக்கேன் ஹன்டர்ஸ்’, புயல் வேட்டைக்காரர்கள்.

பொம்மைகளின் பெயரில் பறக்கும் ஆய்வகங்கள்

அமெரிக்காவில் இந்த வேலையை இரண்டு தரப்பு செய்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் கீஸ்லர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் 53-வது வானிலை உளவுப் படைப்பிரிவு ஒன்று. அவர்களிடம் 10 டபிள்யூ.சி-130ஜே விமானங்கள் இருக்கின்றன. புயல் எங்கே, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று முன்னறிவிப்பாளர்களுக்குச் சொல்வது அவர்கள் முதன்மை வேலை. இன்னொன்று ‘நோவா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம். ஃபுளோரிடாவின் லேக்லேண்டில் அதன் விமானங்கள் நிற்கின்றன. இவர்கள் தகவல் அனுப்புவதோடு ஆராய்ச்சியும் செய்கிறார்கள்.

நோவாவிடம் இருக்கும் இரண்டு பி-3 ஓரையன் விமானங்களுக்குப் பெயர் கெர்மிட், மிஸ் பிக்கி. புயலைச் சுற்றி உயரத்தில் பறக்கும் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டின் பெயர் கோன்சோ. மூன்றுமே ‘மப்பெட்ஸ்’ என்ற பிரபல டிவி நிகழ்ச்சியின் பொம்மைகள். உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்குத் தவளைப் பொம்மை பெயரா என்று தோன்றலாம். இந்த வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் நகைச்சுவை இல்லாமல் முடியாது போல.

கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் 1970-களின் நடுவில் வந்தவை. இவற்றுக்குப் பதிலாக இரண்டு புதிய சி-130ஜே விமானங்கள் வாங்க 2024-ல்தான் ஒப்பந்தம் ஆனது. அவை வர இந்தப் பத்தாண்டின் கடைசி ஆகிவிடும்.

உள்ளே என்ன நடக்கும்?

புயலுக்கு மேலே பறந்து பார்ப்பதில்லை, நடுவிலேயே புகுந்து போகிறார்கள். பி-3 வழக்கமாகச் சுமார் 8,000 முதல் 10,000 அடி உயரத்தில் போகும். ஒருமுறை கிளம்பினால் 8 மணி நேரத்துக்குக் குறையாது. புயலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே வெட்டி, திரும்பி, இன்னொரு கோணத்தில் மறுபடி வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் கண்ணைக் கடந்தாக வேண்டும்.

200 கிலோமீட்டர் வேகக் காற்றில் விமானம் உடையாதா? வேகமான காற்று விமானத்துக்குப் புதிதல்ல. நாம் சென்னையிலிருந்து டெல்லி போகும் பயணிகள் விமானமே குளிர்காலத்தில் மேலே அதற்கு இணையான காற்றில் போவதுண்டு. சீராக அடிக்கும் காற்றோடு விமானமும் சேர்ந்து நகரும், அவ்வளவுதான். மையத்தை நோக்கிப் போகும்போது காற்று இடது இறக்கைப் பக்கமிருந்து அடிக்கும். அதனால் பைலட் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தபடியே விமானத்தை நேர்கோட்டில் கொண்டுபோவார்.

ஆபத்து எங்கே என்றால், காற்று திடீரென்று மாறும் இடத்தில். கண்ணைச் சுற்றி வளையமாக நிற்கும் மேகச் சுவரில் ஒரு நொடி மேல்நோக்கித் தூக்கும் காற்று, அடுத்த நொடி கீழே இழுக்கும் காற்று. கட்டிவைக்காத பொருளெல்லாம் கூரையில் மோதும். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, வெள்ளை மட்டும்தான். ஒரு சில நிமிஷம் இப்படிக் குலுங்கிவிட்டு, சட்டென்று அமைதி. வெளியே வந்தால் கண்.

நல்ல வலுவான புயலின் கண்ணுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: பெரிய கிரிக்கெட் ஸ்டேடியத்தின் நடுவில் நிற்பதுபோல் இருக்கும். சுற்றிலும் பல கிலோமீட்டர் உயரத்துக்கு மேகக் காலரி. தலைக்கு மேலே நீல வானம், இரவென்றால் நட்சத்திரம். கீழே கடல் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் அலை மோதிக் கொதித்துக்கொண்டிருக்கும். சில நேரம் கண்ணுக்குள் சிக்கிக்கொண்ட கடல் பறவைகள் புயலோடு சேர்ந்தே பயணம் செய்வதும் உண்டு.

ஆனால் அங்கே போவது அழகைப் பார்ப்பதற்கு இல்லை. விமானத்தின் அடியில் இருக்கும் குழாய் வழியாக ‘டிராப்சோண்ட்’ என்ற கருவியைக் கீழே விடுகிறார்கள். ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம், அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை, தலையில் சின்ன பாராசூட். கடலில் விழும் வரையில் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து வினாடிக்கு வினாடி விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஜிபிஎஸ், காற்று அதை எப்படி அடித்துக்கொண்டு போகிறது என்பதை வைத்து வேகத்தையும் திசையையும் சொல்லிவிடும். சில நிமிஷங்களில் கடலில் விழுந்து அதன் ஆயுள் முடிந்துவிடும். யாரும் திரும்ப எடுப்பதில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு உண்டு. கண்ணின் சரியான மையத்தில் காற்றே இருக்காது. டிராப்சோண்ட் கடலைத் தொடும்போது 10 நாட் காற்று இருந்தால் அது மையத்தில் விழவில்லை, கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அது காட்டிய அழுத்தத்திலிருந்து 1 மில்லிபார் கழிப்பார்கள். 20 நாட் என்றால் 2. விமானத்தில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே போடும் கணக்கு இது.

இவை தவிர, விமானத்தின் வாலில் ஒரு டாப்ளர் ரேடார் சுழன்றபடி புயலை ரொட்டித் துண்டுகள்போல் வெட்டி வெட்டிப் படமெடுக்கும். கடல் நுரையிலிருந்து வரும் நுண்ணலையை வைத்து மேற்பரப்புக் காற்றை அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. அலை எவ்வளவு நுரைக்கிறதோ அவ்வளவு காற்று. கண்ணைக் கடந்தவுடன் மையம் எங்கே, அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று சுருக்கமான எழுத்துச் செய்தி ஒன்று மியாமிக்குப் போகும். அதன் கடைசியில் குறிப்பு எழுதவும் கொஞ்சம் இடம் உண்டு.

ஒரு பந்தயத்தில் தொடங்கிய கதை

முதன்முதலில் புயலுக்குள் வேண்டுமென்றே விமானம் போனது ஆராய்ச்சிக்காக இல்லை என்றால் நம்ப முடிகிறதா? 1943 ஜூலை 27. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். டெக்சாஸில் பிரிட்டிஷ் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க அதிகாரி. கால்வெஸ்டன் பக்கம் ஒரு ஹரிக்கேன் வருகிறது, பயிற்சி விமானங்களைப் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தகவல் வந்ததும், ‘இந்த விமானத்தால் ஒரு புயலைக்கூடத் தாங்க முடியாதா?’ என்று பிரிட்டிஷ்காரர்கள் கிண்டலடித்தார்கள். டக்வொர்த்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கிளாஸ் மது பந்தயம். ரால்ஃப் ஓஹேர் என்ற நேவிகேட்டரை அழைத்துக்கொண்டு, ஒற்றை இன்ஜின் கொண்ட பயிற்சி விமானத்திலேயே புயலின் கண்ணுக்குள் போய்த் திரும்பினார்.

இறங்கியதும் தளத்தின் வானிலை அதிகாரி ஓடிவந்து, ‘என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே’ என்ற ரீதியில் கேட்க, அவரை ஏற்றிக்கொண்டு டக்வொர்த் அன்றே இரண்டாம் முறையும் போனார். ஒரே நாளில் இரண்டு தடவை!

இந்தக் கதையை வெறும் வீரதீரமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உதவிவிடக் கூடாது என்று அப்போது கப்பல்கள் வானொலியில் வானிலைத் தகவல் சொல்வதை நிறுத்தியிருந்தன. கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளே இல்லை. அந்தப் புயல் கரையில் இருந்தவர்களைத் தயாராக விடாமல் தாக்கியது. விமானம் உள்ளே போய்த் திரும்ப முடியும் என்று தெரிந்ததும், அதை ஒரு முறையான வேலையாக அமெரிக்கா ஆக்கிக்கொண்டது.

புயலை அடக்கப் போய்ப் புயலைப் படித்தவர்கள்

உள்ளே போக முடியும் என்றான பிறகு அடுத்த ஆசை வந்தது: அதை அடக்க முடியுமா? 1947-ல் ஒரு ஹரிக்கேனின் மீது உலர் பனிக்கட்டியைத் தூவிப் பார்த்தார்கள். அதுவரை கடலுக்குள் போய்க்கொண்டிருந்த புயல் திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தைத் தாக்கியது. ‘நீங்கள்தான் திருப்பிவிட்டீர்கள்’ என்று மக்கள் கொதித்தார்கள். அது தூவலுக்கு முன்பே திரும்பத் தொடங்கியிருந்தது என்று பிற்பாடு தெரியவந்தது.

1962-ல் ‘ஸ்டார்ம்ஃபியூரி’ என்ற பெயரில் இதைப் பெரிய திட்டமாகவே தொடங்கினார்கள். யோசனை இதுதான்: மேகத்துக்குள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள் இருக்கும். கண்சுவருக்கு வெளியே சில்வர் அயோடைடு தூவினால் அவை உறையும். உறையும்போது வெளிவரும் வெப்பம் அங்கே புதிதாக ஒரு மேகச் சுவரை எழுப்பும். பழைய சுவர் வலுவிழக்கும். பெரிய வட்டத்தில் சுழல வேண்டியிருப்பதால் காற்றின் வேகம் குறையும். கைகளை விரித்தால் சுழலும் நடனக்காரி மெதுவாவதைப்போல.

1969 ஆகஸ்ட்டில் ‘டெபி’ புயலில் தூவினார்கள். காற்று ஒருநாள் 31 சதவீதம் குறைந்தது. ஒருநாள் விட்டு மறுபடி தூவினார்கள். 18 சதவீதம் குறைந்தது. வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் வாங்கப்பட்டதே இந்தத் திட்டத்தை விரிவாக்கத்தான். பசிபிக்கில் சோதிக்கலாம் என்றபோது சீனாவும் ஜப்பானும் எதிர்த்தன. ஜப்பானுக்குப் புயல் கொண்டுவரும் மழையும் தேவை. புயலை ஆயுதமாக்கப் பார்க்கிறார்கள் என்று கியூபாவின் காஸ்ட்ரோ குற்றம் சாட்டினார்.

பிறகு அந்த இரண்டு விமானங்களும் எதையும் தூவாத புயல்களுக்குள் போய் அளந்தபோதுதான் குட்டு உடைந்தது. வலுவான ஹரிக்கேன்கள் தாமாகவே பழைய கண்சுவருக்கு வெளியே இன்னொரு சுவரை எழுப்பிக்கொள்கின்றன. வெளிச்சுவர் உள்சுவரை நெரித்து அழிக்கும்போது காற்று சில மணி நேரம் தணிகிறது. பிறகு புதுச் சுவர் சுருங்கி, மறுபடி வலுக்கிறது. பாம்பு சட்டை உரிப்பதுபோல. டெபியில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஹரிக்கேன் மேகங்களில் ஏற்கனவே பனி நிறைந்திருக்கிறது, உறையாத நீர் மிகக் குறைவு. தூவுவதற்கே அங்கு வேலை இல்லை. 1983-ல் திட்டத்தை மூடினார்கள்.

புயலை அடக்கும் கனவு தோற்றது. ஆனால் ‘கண்சுவர் மாற்றச் சுழற்சி’ என்று இன்று ஒவ்வொரு பெரிய புயலின்போதும் முன்னறிவிப்பாளர்கள் கவனிக்கும் விஷயம் அந்தத் தோல்வியில் கிடைத்ததுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக நல்ல கதை இதுதான்.

எது புயலாகும், எது கரைந்துபோகும்?

அட்லாண்டிக் பக்கம் பெரும்பாலான ஹரிக்கேன்களின் விதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் சுமார் 60 காற்றலைகள் ஆப்பிரிக்கக் கரையைத் தாண்டிக் கடலுக்கு வருகின்றன. அவற்றில் சிலதான் புயலாகும். கடல் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், நடு உயரத்தில் ஈரம் வேண்டும், கீழே ஒரு திசையிலும் மேலே இன்னொரு திசையிலும் காற்றடித்து மேகக் கோபுரத்தைச் சாய்க்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவைதான். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் சிலது மட்டும் புயலாகிறது என்பதுதான் புதிர்.

2010-ல் இதற்காகவே மூன்று ஆராய்ச்சித் திட்டங்கள் ஒரே சீசனில் இறங்கின. நாசாவின் விமானங்கள், நோவாவின் விமானங்கள், கரீபியனின் செயின்ட் குரோய் தீவிலிருந்து கிளம்பிய ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட். அந்த ஜெட்டின் வேலை வித்தியாசமானது. புயலைத் துரத்துவதல்ல. இன்னும் பெயர்கூட வைக்காத மேகக்கூட்டத்தை நாள்கணக்கில் பின்தொடர்வது.

அவர்கள் சோதிக்கப் போன கருத்துக்குக் கங்காருதான் உவமை. அலையோடு சேர்ந்து நகரும் ஒரு மூடிய சுழற்சி, குட்டியை வைத்திருக்கும் பைபோல ஈரத்தை உள்ளே பாதுகாக்கிறது, சுற்றியிருக்கும் வறண்ட காற்று உள்ளே வராமல் தடுக்கிறது. பைக்குள் இருக்கும் வரை குட்டி வளரும்.

சோதனைக்கு வசமாக மாட்டியது ‘கேஸ்டன்’. செப்டம்பர் 1-ம் தேதி புயலாகி, மறுநாளே வலுவிழந்தது. மறுபடி புயலாகும் என்று முன்னறிவிப்பு சொன்னது. ஆகவில்லை. விமானம் அதைத் திரும்பத் திரும்பப் போய் அளந்தது. பை கீழே மூடியிருந்தாலும் மேலே ஓட்டை. அந்த வழியே வறண்ட காற்று புகுந்து, மேகம் உயரமாக எழவிடாமல் நாளுக்கு நாள் காய வைத்துவிட்டது. அதே மாதம் இன்னொரு மேகக்கூட்டத்தையும் பல நாட்கள் முன்கூட்டியே பின்தொடர்ந்தார்கள். அது 14-ம் தேதி ‘கார்ல்’ ஆனது. 17-ம் தேதி 3-ம் வகை ஹரிக்கேனாக மெக்சிகோவின் வெராகுருஸ் பகுதியில் கரையேறியது.

ஆகாத புயலை அளப்பதற்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். ஆகாததையும் அளந்தால்தானே ஆனதற்கு என்ன காரணம் என்று தெரியும்?

பாதை தெரியும், பலம் தெரியாது

ஆற்றில் ஒரு சுழி மிதந்து போகிறது என்று வையுங்கள். அது எங்கே போகும் என்பதை ஆற்றின் ஓட்டம் தீர்மானிக்கும். எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது சுழிக்குள்ளே இருக்கும் விஷயம். புயலும் அப்படித்தான். பாதையைப் பெரிய காற்றோட்டங்கள் முடிவு செய்கின்றன. அதனால் பாதைக் கணிப்பின் பிழை 1990-களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கோன்சோ 45,000 அடி உயரத்தில் புயலைச் சுற்றிவந்து டிராப்சோண்ட் போடுவதற்கும் இதில் பங்கு உண்டு. வலிமைக் கணிப்புதான் நீண்ட காலம் நகராமல் நின்றது. ஏனென்றால் அது கண்சுவருக்குள் சில கிலோமீட்டர் அகலத்தில் நடக்கும் வேலை.

24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் அதை ‘அதிவேகத் தீவிரமடைதல்’ என்கிறார்கள். ஓட்டிஸ் அதைப்போல் மூன்று மடங்கு ஏறியது. சூடான கடல்நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, மேலே மழைத்துளியாகும்போது திருப்பிக் கொடுக்கிறது. இந்த வெப்பத்தை உயரே கொண்டுபோகும் மேகத் தூண்களுக்குச் ‘சூட்டுக் கோபுரங்கள்’ என்று 1958-ல் பெயர் வைத்தவர்கள் ஹெர்பர்ட் ரீல், ஜோன் சிம்ப்சன். வானிலையியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஜோன். அந்தக் கோபுரம் கண்ணுக்குப் பக்கத்தில் எழுகிறதா, தள்ளி எழுகிறதா, புயலின் சுழல் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதில்தான் சூட்சுமம். செயற்கைக்கோளுக்கு முழுசாகத் தெரியாத இந்தக் காட்சியை பி-3-யின் வால் ரேடார் காட்டுகிறது. விமானத்திலிருந்தே கணினி மாதிரிகளுக்கு அந்தத் தரவு போகத் தொடங்கியபின் வலிமைக் கணிப்பும் முன்னேறி வருகிறது.

ஓட்டிஸ் விஷயத்தில் விமானம் போனது கடைசி நேரத்தில், ஒரு முறை மட்டும். முந்தைய நாட்களில் உள்ளிருந்து எந்தத் தரவும் இல்லை. 2015-ல் அதே மெக்சிகோவின் பசிபிக் பகுதியில் ‘பட்ரீசியா’ ஓட்டிஸைவிட வேகமாக வலுத்தது. காற்று மணிக்கு 345 கிலோமீட்டரைத் தொட்டது. அதற்குள் விமானங்கள் நாள்தோறும் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த எண்ணே நமக்குத் தெரியும்.

திரும்பி வராதவர்கள்

1955 செப்டம்பர் 26. கரீபியனில் ‘ஜேனட்’ ஹரிக்கேனுக்குள் போன அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று, உள்ளே நுழைகிறோம் என்று செய்தி அனுப்பியது. அதன் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. 9 வீரர்கள், கனடா நாளிதழின் 2 பத்திரிகையாளர்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பசிபிக்கில் வேறு விமானங்களும் தொலைந்திருக்கின்றன. கடைசியாக 1974-ல், ‘பெஸ்’ சூறாவளியில், 6 பேருடன்.

அதன்பின் யாரும் இறக்கவில்லை. ஆனால் 1989 செப்டம்பர் 15-ல் கெர்மிட் மயிரிழையில் தப்பியது. ‘ஹ்யூகோ’ புயலுக்குள் வெறும் 1,500 அடி உயரத்தில் போனார்கள். எதிர்பார்த்ததைவிடப் புயல் பல மடங்கு முரடாக இருந்தது. கண்சுவரில் ஒரு இன்ஜின் தீப்பிடித்தது. விமானம் கடலிலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இறங்கிய பிறகே பைலட் கட்டுக்குள் கொண்டுவந்தார். எப்படியோ கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் வெளியே போக மறுபடி அதே சுவரைத் தாண்ட வேண்டுமே! எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, கண்ணுக்குள்ளேயே வட்டமடித்து உயரம் ஏறினார்கள். விமானப்படையின் இன்னொரு விமானம் வந்து சுவரில் எந்தப் பக்கம் மென்மையாக இருக்கிறது என்று தானே போய்ப் பார்த்துச் சொன்னது. அந்த வழியாக மூன்று இன்ஜினில் வெளியேறினார்கள்.

கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் கடலின் வெப்பம் புயலுக்குள் போகிறது. அங்கே மனிதர்களை அனுப்ப முடியாது. இப்போது பி-3-யின் வயிற்றிலிருந்து சின்ன டிரோன்களை விடுகிறார்கள். 2014-ல் ‘எட்வார்ட்’ புயலில் தொடங்கியது. 2022-ல் ‘இயன்’ புயலில் இன்னும் பெரிய டிரோன் ஒன்றை விட்டார்கள். 2021-ல் ‘சாம்’ ஹரிக்கேனுக்குள் ஆளில்லாப் படகு ஒன்று போய், மலைபோன்ற அலைகளின் நடுவிலிருந்து வீடியோவே அனுப்பியது.

வங்கக் கடலில்?

நம் பக்கம் புயலுக்குள் வழக்கமாகப் போய்வரும் விமானம் கிடையாது. செயற்கைக்கோள், மிதவைகள், கரைக்கு அருகில் வந்தபின் சென்னை, காரைக்கால் போன்ற இடங்களின் டாப்ளர் ரேடார்கள் ஆகியவைதான் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கண்கள். மேற்கு பசிபிக்கிலும் அமெரிக்கா தன் வழக்கமான விமானங்களை 1987-ல் நிறுத்திவிட்டது. தைவான் 2003 முதல் தானே டிராப்சோண்ட் போடத் தொடங்கியது. 2017-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ‘லான்’ சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே ஜெட்டில் போய்வந்தார்கள்.

2024 நவம்பரின் கடைசி வாரம் நினைவிருக்கிறதா? ஃபெங்கல் புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், 29-ம் தேதி ஆகியே விட்டது. ஸ்கூல் லீவா இல்லையா என்பதிலிருந்து படகு எடுக்கலாமா வேண்டாமா என்பது வரை எல்லாமே அந்த ஒரு கேள்வியில் தொங்கின. ‘ஒரு புயலைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியலையா?’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேஸ்டன் கதையைப் படித்தபின் கொஞ்சம் பொறுமை வரலாம். 2017-ல் ஒக்கி நேர்மாறாக நடந்துகொண்டது. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், 30-ம் தேதி காலையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே புயல். நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். விமானம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள். ஆனால் ஒரே இரவில் வலுக்கும் புயலை இன்னும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால், அது எப்படி வலுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பாடத்தின் பெரும்பகுதி அட்லாண்டிக்கில் கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் அளந்ததிலிருந்து வருகிறது. அங்கே உருவாக்கிய ஹரிக்கேன் கணினி மாதிரியை நம் கடலுக்கு ஏற்ப மாற்றி இந்தியாவிலும் ஓட்டியிருக்கிறார்கள்.

387

2024 அக்டோபரில் ‘மில்டன்’ ஹரிக்கேன் ஃபுளோரிடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் கண்ணுக்குள் போன நோவா விமானம் வழக்கம்போல் மியாமிக்கு எழுத்துச் செய்தி அனுப்பியது. மையம், அழுத்தம், காற்று. கடைசியில் குறிப்புக்கான இடத்தில் ஒரு பெயர்: பீட்டர் டாட்ஜ்.

வால் ரேடாரை வைத்துப் புயலைப் படித்த நோவா விஞ்ஞானி அவர். வாழ்நாளில் 386 தடவை புயல்களின் கண்ணைக் கடந்தவர். 2023-ல் காலமானார். அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியை அன்று விமானத்தில் கொண்டுபோயிருந்தார்கள். மில்டனின் கண்ணில் அதைக் கீழே விட்டபின், அவர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பக்கத்தில் ‘387-வது’ என்று மட்டும் அந்தச் செய்தியில் எழுதினார்கள். பிறகு அடுத்த சுற்றுக்குப் புயலை நோக்கித் திரும்பினார்கள்.